வீட்டுக்கொரு மாத்திரை

சிபு, சரவாக்
17 நவம்பர் 2024

அன்புள்ள துளசி,

நீ என் எண்ணைத் தடுத்து வைத்து இன்றோடு இரண்டு வாரம். அதனால் தபாலில் எழுதுகிறேன். தபாலை உன்னால் தடுக்க முடியாது, கிழிக்க மட்டும் முடியும். கிழிப்பதற்கு முன் ஒரு முறை படித்துவிடு.

தீபாவளி விடுப்பில் வந்த என்னை, அந்த ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்துக்கு வரச் சொன்னாய். உன் கம்பெனியின் சத்து மாத்திரைகளை அறிமுகப்படுத்தும் கூட்டம், ஓரமாக உட்கார்ந்து பார்த்தால் போதும் என்றாய். நானும் ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். நீ திடீரென்று ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னாய். "நம்ம தோட்டத்துப் புள்ள. இப்ப கவர்மெண்டு ஆஸ்பத்திரியில மருந்தாளர். இந்த செட்டு நல்லதா இல்லையான்னு அவளே சொல்லட்டும்லா" என்றாய். அறுபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். மேடைக்கு எப்படி வந்தேன் என்றே நினைவில்லை.

மஞ்சள் மூடி போத்தலில் வைட்டமின். ஊதா மூடி போத்தலில் மனசை உற்சாகமாக வைக்கும் காப்சூல். இரண்டையும் சேர்த்து எடுத்தால் பலன் இரட்டிப்பு என்று பதாகையில் எழுதியிருந்தது. நான் ஊதா போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்துச் சின்ன எழுத்துகளைப் படித்தேன். பிறகு ஒலிபெருக்கியை உன் கையில் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். உன்னை இந்த வியாபாரத்தில் சேர்த்துவிட்ட பிரதீபா அக்கா, "படிச்சவங்க வாயில முத்து இருக்கும், சும்மா கொட்ட மாட்டாங்க" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

உன்னை அவமானப்படுத்த நினைத்து நான் மௌனமாக இருக்கவில்லை. எனக்குப் பேச்சு வராது என்பது உன்னைவிட யாருக்குத் தெரியும்? முதலாம் ஆண்டில் ஆசிரியை என் பெயரைக் கேட்டபோது நீதானே பதில் சொன்னாய். அதிலிருந்து ஆறு வருஷம் அந்தத் தோட்டப் பள்ளியில் என் பெயரைச் சொல்லும் வேலை உனக்கு. தோட்டத்து மருந்தகத்திலிருந்து டிரசர் சதாசிவம் ஐயா புதன்கிழமைகளில் மீனெண்ணெய் உருண்டைகளோடு வருவார். எனக்கு அதை விழுங்கத் தெரியாது. அவர் அடுத்த பிள்ளையிடம் குனிந்ததும் என் உள்ளங்கையிலிருந்து எடுத்து உன் வாயில் போட்டுக்கொள்வாய். இங்கே மருந்தகத்தில் அந்த உருண்டைகளை எண்ணிப் போடும்போதெல்லாம் பள்ளி வாசலிலிருந்த ரப்பர் மரங்களின் ஈர வாசம் வருகிறது. நாம் நின்ற இடத்தில் இப்போது எண்ணெய்க்கான செம்பனை மரங்கள் நிற்கின்றன.

அந்த ஊதா போத்தல் சிலருக்கு ஆகாது, துளசி. அதை மட்டும் சொல்லிவைக்கிறேன். இதற்கு மேல் எழுதினால் உன் பிழைப்பில் மண் போடுவதாக நினைப்பாயோ என்று பயமாக இருக்கிறது.

பதில் போடுவாய் என்று காத்திருக்கும்,
தினேஸ்வரி


புந்தோங், ஈப்போ
1 டிசம்பர் 2024

தினேஸ்,

கிழிக்கவில்லை. ஆனால் மூன்று நாள் அரிசி டின்மேல் பிரிக்காமல் போட்டு வைத்திருந்தேன். தண்டனை.

நீ என்ன எழுதினாலும் சரி, அந்த மண்டபத்துக்கு வந்தவர்கள் எல்லாம் நான் வீடு வீடாக ஏறி அழைத்தவர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்லது என்று சொல்ல மனசு வரவில்லையென்றால் 'வைட்டமின் உடம்புக்கு வேண்டும்' என்றாவது சொல்லியிருக்கலாம். பொய் இல்லையே அது. ஊமை மாதிரி நின்றாய். மறுநாள் பிரதீபா அக்கா என்னிடம், உன் கூட்டாளிக்குப் பட்டம் தலைக்கேறிவிட்டது என்றார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இப்போது நாம் சரிக்குச் சரி.

போனில் அழைக்காதே. என் போன் வீட்டில் எல்லோர் கையிலும் புரள்கிறது. லோரி ஓட்டும் என் வீட்டுக்காரர் சீனி வீட்டுக்கு வந்தால் அதில்தான் பாட்டுக் கேட்பார், தன் போனில் பணம் தீர்ந்ததும் அவர் அம்மா, என் அத்தை, அதில்தான் கச்சான் பூத்தே பலகார ஆர்டர்களைப் பேசுவார். அத்தை கடிதத்தைப் பிரிக்க மாட்டார். அவருக்குத் தமிழ் படிக்க வராது என்பது ஒரு காரணம், மரியாதை ஒரு காரணம்.

உன் மௌனத்தால் என் வியாபாரம் விழுந்துவிட்டது என்று நினைத்து அழாதே. தீபாவளிக்குப் பிறகுதான் ஓடுகிறது. கூட்டம் போட்டு விற்பதை விட்டுவிட்டேன். நேராக வீட்டுக்குப் போகிறேன். பேச்சே வேண்டாம். உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்பேன். அவர்கள் முன்னாலேயே மஞ்சளில் ஒன்று, ஊதாவில் ஒன்று எடுத்து விழுங்கி, வாயைத் திறந்து காட்டுவேன். சதாசிவம் ஐயாவிடம் காட்டியது போலவே. விற்கிறவளே சாப்பிடுகிறாள் என்று பார்த்ததும் அவர்களுக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. பிரதீபா அக்கா சொல்லிக் கொடுத்த முறைதான், ஆனால் எங்கள் குழுவிலேயே அதை அழகாகச் செய்கிறவள் நான்தானாம். ஒரு நாளைக்கு நான்கு வீடு, ஐந்து வீடு. போன சனிக்கிழமை சிம்மோர் பக்கம் ஏழு.

கொம்பியா ரொட்டி அங்கேயும் கிடைக்கிறதா? ஐந்தாம் ஆண்டு சுற்றுலாவில் சித்தியவானில் வாங்கியது நினைவிருக்கிறதா? பாதி சாப்பிட்டுவிட்டுப் பாதியை உன் அப்பாவுக்காகச் சட்டைப் பையில் வைத்தாய். பேருந்தில் நான் அதன்மேல் சாய்ந்து தூங்கித் தூள் தூளாக்கிவிட்டேன். உன் அப்பா அந்தத் தூளைத் தேநீரில் போட்டுக் குடித்தார்.

சும்மா கேட்கிறேன். ஊதா போத்தல் சிலருக்கு ஆகாது என்றாயே, யாருக்கு?

துளசி


சிபு
12 டிசம்பர் 2024

அன்புள்ள துளசி,

கடிதத்தை மருந்தகத்தின் பின்னறையில் நின்றுகொண்டே படித்தேன். கூட வேலை செய்யும் பெண், காதல் கடிதமா என்றாள். ஆமாம் என்றேன்.

கொம்பியா இங்கே தெருவுக்குத் தெரு. சித்தியவானில் இருக்கும் அதே சீனர்களின் சொந்தக்காரர்கள்தாம் இங்கேயும். முதல் நாள் அதைச் சூடாகக் கையில் வாங்கியபோது அப்பா தேநீர்க் கோப்பையின் அடியைக் கரண்டியால் சுரண்டும் சத்தம் காதில் கேட்டது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கை, பிறகு ஈப்போவில் காவலாளி வேலை. என்னைப் பல்கலைக்கழகத்தில் விட வந்த அன்று, விடுதி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மற்றவர்கள் பார்த்தார்கள். நானும் கழற்றினேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டியது.

மூளையில் செரடோனின் என்று ஒன்று சுரக்கிறது. மனசு தளர்ந்து போகிறவர்களுக்கு மருத்துவமனையில் தரும் மாத்திரைகளில் பல அதன் வேலையைக் கூட்டுகின்றன. உன் ஊதா காப்சூலில் இருக்கும் ஃபைவ்-எச்டிபி என்ற சத்து, உடம்புக்குள் போய் அதே செரடோனினாக மாறுகிறது. மஞ்சள் போத்தலில் இருக்கும் பி6 வைட்டமின், அப்படி மாறுவதற்கு உடம்பு பயன்படுத்தும் பொருள்களில் ஒன்று. மருத்துவமனை மாத்திரை சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்து எடுத்தால் செரடோனின் அளவு மீறிப் போகலாம். கை நடுங்கும், வியர்க்கும், வயிறு போகும், இதயம் படபடக்கும், கால் தானாகத் துள்ளும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். வைட்டமின் கெட்டது என்று நான் சொல்லவில்லை. எதோடு எது சேர்கிறது என்பதுதான் விஷயம்.

இன்னொன்று. அந்தப் போத்தலில் 'நாளுக்கு ஒன்று' என்று போட்டிருந்தது. நீ வீட்டுக்கு ஒன்று விழுங்குகிறாய். ஏழு வீடு போன அன்று ஏழு. வேறு எந்த மருந்தும் எடுக்காத உடம்புக்கே அது அதிகம். விழுங்கிக் காட்டுவதை நாளையிலிருந்தே நிறுத்து.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் எழுத்து நடுங்கியிருக்கிறது. பள்ளியில் கரும்பலகைத் தேதியை எழுதும் உரிமை உனக்கு மட்டும்தான், அவ்வளவு நேராக எழுதுவாய். பேருந்தில் உட்கார்ந்து எழுதினாயா?

தினேஸ்வரி


புந்தோங்
29 டிசம்பர் 2024

தினேஸ்,

பேருந்தில் எழுதவில்லை. சமையல் மேசையில்தான் எழுதினேன்.

இதைப் படித்ததும் மறந்துவிடு. யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் இருபது வருஷ நட்பு அன்றோடு முடிந்தது. சத்தியமாக.

ஜூன் மாதத்திலிருந்து நான் மருத்துவமனை மாத்திரை சாப்பிடுகிறேன். செர்ட்ராலின் என்று போட்டிருக்கிறது. உனக்குத் தெரிந்திருக்கும், நீதான் நாள் முழுக்க எண்ணிக் கொடுக்கிறாயே. காரணம் கேட்காதே. அங்கே டாக்டரும் கேட்டார். வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, குடிக்கிறார்களா, இழப்பு ஏதும் உண்டா என்று கேட்டார். எதுவும் இல்லை. சீனி நல்லவர். அத்தை என் தட்டில் மீன் வைத்துவிட்டுத்தான் தன் தட்டைப் பார்ப்பார். ஆனாலும் காலையில் எழுந்து பல் தேய்க்கப் பத்து நிமிஷம் அழ வேண்டியிருந்தது. சோறு இருக்கிறது, துணி இருக்கிறது, எதற்கு அழுகிறாய் என்று கேட்டால் எதைச் சொல்வது? லயத்து வரிசை வீடுகளில் கோபம் வந்தால் மனநோய் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரைச் சொல்லித்தானே திட்டுவார்கள்? 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்.' நாமே எத்தனை பேரை அப்படிக் கேலி செய்திருக்கிறோம். அந்த வார்த்தை என் வீட்டுக்குள் வரக்கூடாது.

அதனால் மருத்துவமனை மாத்திரைகளைப் அலுமினியப் பட்டையிலிருந்து பிரித்துக் காலியான மஞ்சள் போத்தல் ஒன்றில் போட்டு வைத்திருக்கிறேன். எல்லோரும் வைட்டமின் என்று நினைக்கிறார்கள். அத்தை ஒரு முறை, எனக்கும் ஒன்று கொடு என்று கேட்டார். வேறு போத்தலிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அந்த மாத்திரையால் பெரிய மாற்றம் தெரியவில்லை. இந்த வியாபாரத்தில் இறங்கிய பிறகுதான் எழுந்து நடமாடுகிறேன். யார் வீட்டுக் கதவையாவது தட்ட வேண்டும் என்பதற்காகவே குளிக்கிறேன். ஊதா போத்தலை என்னிடமிருந்து பிடுங்காதே. நிறுத்து என்று எழுதினாய். நான்கு நாள் நிறுத்திப் பார்த்தேன். வாங்குகிறவர்கள் முகத்தில் சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி ஆரம்பித்தேன்.

கை நடுங்குகிறது, உண்மைதான். உள்ளங்கை நனைந்து பேனா வழுக்குகிறது. வயிறும் சரியில்லை. உட்கார்ந்தால் முட்டி தானாக ஆடுகிறது. பிரதீபா அக்காவிடம் மருத்துவமனை மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னேன். "உடம்புல உள்ள விஷம் வெளிய போகுது. பயப்படாத, இன்னும் ரெண்டு கூட்டிப் போடு" என்றார். கிறிஸ்துமஸ் வாரத்தில் கூட்டினேன்.

உனக்கு எழுதும்போது மட்டும் கொஞ்ச நேரம் தோட்டத்தில் இருக்கிறேன். காய்ந்த ரப்பர் விதையைத் தரையில் தேய்த்து ஒருத்தர் தொடையில் ஒருத்தர் சூடு வைப்போமே. இன்று அந்தச் சூடு நினைவுக்கு வந்து சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு.

துளசி


சிபு
6 ஜனவரி 2025

துளசி,

உன் கடிதம் இன்று காலை பதினொரு மணிக்கு வந்தது. இது உன் கைக்கு வரும்போது நான் செய்தது உனக்குத் தெரிந்திருக்கும். என்ன பேசினேன் என்பதை என் வாயால் நீ கேட்கவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் உனக்கு அழைத்தேன். மருந்தகத் தொலைபேசியிலிருந்து ஒன்பது முறை. நீ எடுக்கவில்லை. அத்தையின் எண் என்னிடம் இருந்தது. போன வருஷம் இங்கே எல்லோருக்கும் முறுக்கு வரவழைத்தபோது வாங்கியது. அதைத் தட்டுவதற்கு முன் அறையை இரண்டு முறை சுற்றி நடந்தேன். சொன்னால் நட்பு முடிந்தது என்று நீ எழுதியிருந்த பக்கத்தை மடித்துப் பையில் வைத்தேன். பிறகு தட்டினேன்.

எண்ணெய் பொரியும் சத்தத்துக்கு நடுவே உன் அத்தை வீரம்மா ஆன்டியின் குரல். "யாரு, தினேஸா? முறுக்கு வேணுமாம்மா?"

நீ எங்கே என்று கேட்டேன். வயிற்றுப்போக்கென்று காலையிலிருந்து படுத்திருக்கிறாய், உடம்பு சுடுகிறது, கால் இழுத்து இழுத்துத் துள்ளுகிறது, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கப் போகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். அவ்வளவு சத்தமாக நான் பேசி நானே கேட்டதில்லை.

"ஆன்டி, துளசி ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிடுறா. மனசுக்கு. ஜூன்லேர்ந்து. அதோட இந்த ஊதா போத்தலும் சேர்ந்துதான் இப்படி ஆகுது."

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"என்கிட்ட சொல்லலையே" என்றார். "நான் யாருன்னு நெனச்சா?"

அவரே தொடர்ந்தார். "சரி. அழுறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. இப்ப என்னா செய்யணும், அத சொல்லு."

மூடியின் நிறம் எதுவாக இருந்தாலும் வீட்டிலுள்ள எல்லாப் போத்தல்களையும் ஒரு பையில் போடச் சொன்னேன். அவசரப் பிரிவுக்கு உடனே போங்கள், எதை எதோடு எத்தனை சாப்பிட்டாள் என்று அவர்களிடம் சொல்லுங்கள், ஊதா போத்தலிலிருந்து இனி ஒன்றுகூட வேண்டாம், மருத்துவமனை மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று டாக்டர் முடிவு செய்யட்டும் என்றேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பழனியப்பன் கார் எடுப்பார் என்றார். அரை மணி கழித்து நான் மீண்டும் அழைத்தபோது காரில் இருந்தீர்கள். பின்னால் நீ யாரையோ திட்டுவது கேட்டது. என்னைத்தான் என்று நினைக்கிறேன்.

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நீ என்னோடு பேசாமல் போனாலும் ஒன்றைத் தெரிந்துகொள். அந்த மண்டபத்தில் போத்தலின் பின்பக்கத்தைப் படித்தவள் நான். 'வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்' என்ற ஒரு வாக்கியத்தை நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும். அறுபது பேரில் நீயும் கேட்டிருப்பாய். கூச்சம் என்று இத்தனை நாள் அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

தினேஸ்வரி


புந்தோங்
20 ஜனவரி 2025

தினேஸ்வரி,

உயிரோடு இருக்கிறேன். அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உனக்கு உண்டு. அதற்காக மட்டும் எழுதுகிறேன்.

மூன்று நாள் வார்டில் வைத்திருந்தார்கள். எல்லா மாத்திரையையும் நிறுத்தினார்கள். இரண்டாம் நாளே நடுக்கம் குறைந்தது. போன வாரம் மருத்துவமனை மாத்திரையை மட்டும் சின்ன அளவில் மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். இன்னும் தாமதித்திருந்தால் மோசமாகியிருக்கும் என்றார் டாக்டர். நீ செய்தது சரி என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே.

நான் வீட்டுக்கு வந்தபோது அத்தை கச்சான் பூத்தே உலர்த்தும் பெரிய தட்டில் செய்தித்தாள் விரித்து எல்லாப் போத்தலையும் கவிழ்த்து வைத்திருந்தார். பட்டாணி பொறுக்குகிற மாதிரி ஒன்றொன்றாகப் பிரித்தார். இது எதுக்கு, இது எதுக்கு என்று கேட்டார். ஜொகூரிலிருந்து லோரியை நிறுத்தாமல் ஓட்டி வந்திருந்த சீனி ஒன்றும் கேட்கவில்லை. கதவோரம் நின்றிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பொங்கலுக்குச் சீனியின் அக்கா வந்தார். நான் பயந்த அதே வார்த்தை. "என்ன, தஞ்சோங் ரம்புத்தான் கேஸா?" அத்தை பால் பானையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவ மாத்திரை சாப்பிடுறா. நீ ஊர்வம்பு சாப்பிடுற. எது வயித்துக்கு நல்லது?" என்றார். அக்கா சர்க்கரைப் பொங்கல்கூடச் சாப்பிடாமல் போய்விட்டார்.

அத்தை அப்படிப் பேசுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ளும் நேரத்தை நானே தேர்ந்தெடுக்க விரும்பினேன். நீ அதை எடுத்துக்கொண்டாய்.

துளசி


சிபு
2 பிப்ரவரி 2025

அன்புள்ள துளசி,

ஆமாம், எடுத்துக்கொண்டேன். திருப்பித் தர முடியாது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அழைத்ததற்குக் கேட்க மாட்டேன். மறுபடி அப்படி ஒரு கடிதம் வந்தால் மறுபடியும் அழைப்பேன்.

உன் கோபத்துக்கு நடுவே ஒன்று கேட்கலாமா? நீ ஊதா போத்தல் விற்ற வீடுகள் எத்தனை இருக்கும்? அந்த வீடுகளிலும் உன்னைப் போல யாராவது போத்தல் மாற்றி வைத்திருக்கலாம். அவர்கள் கடிதம் எழுத யாரும் இல்லாமல் இருக்கலாம். நான் அங்கே இருந்திருந்தால் உன்கூட வந்திருப்பேன். கதவை நீ தட்டு, நான் பேசுகிறேன் என்று சொல்லியிருப்பேன். இங்கிருந்து என்னால் முடிந்தது, கேட்கவேண்டிய கேள்வியை எழுதி அனுப்புவதுதான்: 'வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா? என்கிட்ட சொல்ல வேணாம். இந்தப் போத்தலைக் கிளினிக்குக்கு எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க.'

இன்று மழை. ஆறு பழுப்பாக ஓடுகிறது. தோட்டத்தில் மழை நாளில் பால் வெட்டு இருக்காது. எல்லா அப்பாக்களும் பகலில் வீட்டில் இருப்பார்கள். லயம் முழுக்கக் கருவாடு வறுக்கும் வாசம் வரும். மழை பெய்தால் கூலி இல்லை என்பது அப்போது நமக்குத் தெரியாது. அதனால்தான் அது அத்தனை நல்ல வாசமாக இருந்தது.

தினேஸ்வரி


புந்தோங்
24 பிப்ரவரி 2025

அன்புள்ள தினேஸ்,

உன்மேல் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

தைப்பூசம் முடிந்த மறுநாள் ஆரம்பித்தேன். முதலில் பிரதீபா அக்காவிடம் போய், இனி விற்க மாட்டேன் என்று சொன்னேன். விழுங்கிக் காட்டும் பழக்கத்தை மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுக்காதீர்கள் என்றேன். அவர் நீண்ட நேரம் பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், நீங்களும் வீட்டுக்கு ஒன்று போடுகிறீர்களா அக்கா என்று கேட்டேன். அவர் கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளே ஒன்றுமில்லாத வெறும் காப்சூல் கூடு. அவர் எப்போதும் அதைத்தான் விழுங்குவாராம். "நீ நெசமாவே சாப்பிட்டியா?" என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்தது பரிதாபம்தான். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பிறகு வீடு வீடாகப் போனேன். விற்கப் போனபோது ஒரு வாரத்தில் ஏறிய படிகளை ஏற இந்த முறை மூன்று வாரம் ஆனது போலத் தோன்றியது. நீ எழுதி அனுப்பிய கேள்வி வாயில் சரியாக வரவில்லை. என் வார்த்தையில் மாற்றிக்கொண்டேன். சிம்மோரில் ஒருத்தர் கதவைப் பாதி திறந்து கேட்டுவிட்டு மூடினார். ஒருத்தர், நல்லா தூக்கம் வருது, நீ யாரு நிறுத்தச் சொல்ல என்றார். இன்னொரு வீட்டில் இரத்த அழுத்த மாத்திரைகளை எல்லாம் பரப்பிக் காட்டினார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது, கிளினிக்கில் காட்டுங்கள் என்று சொன்னேன். தெரியாது என்று சொல்வது இத்தனை சுலபமா? முன்பே சொல்லியிருக்கலாம்.

நேற்று சுங்கை சிப்புட். நம் தோட்டத்துக் கருப்பம்மாள் அக்காவை நினைவிருக்கிறதா? நான்காவது லயம், கடைசி வீடு. திருவிழாவில் கும்மிக்கு முதல் குரல் எடுப்பாரே, அவர்தான். இப்போது மலிவு விலை வீட்டில் இருக்கிறார்கள். பின்பக்கம் கொஞ்சம் மரவள்ளி போட்டிருக்கிறார். அவர் புருஷன் சின்னையா அண்ணன் மண்வெட்டியோடு அங்கே நின்றிருந்தார். தோட்டத்தில் ஆள்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர், இப்போது மரவள்ளியை மேய்க்கிறார்.

அக்கா என்னை உட்கார வைத்துத் தேநீர் போட்டார். ஊதா போத்தல் அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நான் கேள்வியைக் கேட்டேன். "வேற மாத்திரையா? எனக்கென்னா, கல்லு மாதிரி இருக்கேன்" என்றார். நான் போத்தலைத் திருப்பி எடுத்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். செருப்புகூடப் போட்டுவிட்டேன். பிறகு திரும்பி உள்ளே வந்து, என் கைப்பையைத் திறந்து, மாத்திரைப் பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். இப்போது நான் பட்டையிலிருந்து பிரித்து வைப்பதில்லை.

"இது என்னோடதுக்கா. மனசுக்குச் சாப்பிடுறது. ஜூன்லேர்ந்து. அந்த ஊதாவையும் சேத்துச் சாப்பிட்டு ஆஸ்பத்திரியில படுத்துட்டு வந்தேன்."

அக்கா பட்டையைத் தொடாமல் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். தையல் இயந்திரத்தின் இழுப்பறை இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் ஒரு பழைய பவுடர் டப்பா. அதைச் சாய்த்து மேசைமேல் தட்டினார். அதே வெள்ளை நிறம், அதே வடிவம்.

எத்தனை காலமாக என்று கேட்டேன். விரல்களைக் காட்டினார். நான்கு. மாதமா என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். வருஷம். கிளினிக் போகும் நாள்களில் கோயிலைச் சுத்தம் செய்யும் சிரமதானத்துக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போவாராம். ஊதாவை வாங்கியதிலிருந்து வயிறு சரியில்லை, பத்து நாளில் விட்டுவிட்டேன், உன் மனசு வருத்தப்படும் என்றுதான் அலமாரியில் வைத்திருக்கிறேன் என்றார். எனக்காக, தினேஸ். என் மனசு வருத்தப்படுமாம்.

கிளினிக்கில் இதையும் சொல்லிவிடுங்கள் என்றேன். சரி என்றார். அப்போது பின்கதவு திறந்தது. சின்னையா அண்ணன் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். அக்காவின் உள்ளங்கை சட்டென்று மாத்திரைகள்மேல் விழுந்தது. என்னுடைய பட்டையும் சேர்த்து மூடிக்கொண்டது.

"யாருக்கு மருந்து?" என்றார் அண்ணன்.

எனக்கு என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். என்னால் சுலபமாகச் சொல்லியிருக்க முடியும், உண்மையும்கூட. அக்கா என் முழங்கையைப் பிடித்தார். மாத்திரைகளை மூடியிருந்த மறு கையை மெல்ல எடுத்தார்.

"எனக்குத்தான்" என்றார். "நாலு வருஷமா."

அண்ணன் மேசையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். ஈரக் காலோடு நாற்காலியை இழுத்துப் போட்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

"சொல்லு" என்றார்.

நான் எழுந்து வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். பேருந்து நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கைப்பையைத் திறந்து பார்த்தேன். என் பட்டையை அங்கேயே விட்டு வந்திருந்தேன். திரும்பிப் போகவில்லை. இன்று காலை கிளினிக்கில் கேட்டு வேறு வாங்கிக்கொண்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் பெயரைக் கேட்டாள், சத்தமாகச் சொன்னேன்.

துளசி